மாலத்தீவு 2013: ஓட்டு எண்ணிய பிறகு தொடங்கிய தேர்தல்

2017-இல் கென்யாவின் உச்ச நீதிமன்றமும், 2020-இல் மலாவியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் தங்கள் நாட்டு அதிபர் தேர்தலை ரத்து செய்தபோது உலகம் கைதட்டியது. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியையே செல்லாது என்று எழுத நீதிபதிகளுக்குத் துணிச்சல் வேண்டும் என்று பாராட்டினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நமக்குப் பக்கத்துக் கடலில், மாலத்தீவில், ஓர் உச்ச நீதிமன்றம் இதே காரியத்தைச் செய்திருந்தது. அதற்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. வெளியுறவு அமைச்சகங்களிடமிருந்து கவலை அறிக்கைகள்தான் வந்தன.

இத்தனைக்கும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதிபரின் தேர்தல், தகுதி பற்றிய தகராறுகளைத் தீர்க்கும் இறுதி அதிகாரத்தை மாலத்தீவின் 2008 அரசியல் சட்டம் 113-ஆவது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கே தந்திருக்கிறது. சட்டம் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய ஒரு தீர்ப்பு எப்படிச் சட்டவிரோதமானது போலத் தோன்றியது? அதைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு மாதக் கூத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 30 ஆண்டுகள் ஆண்ட மவுமூன் அப்துல் கயூமை 2008-இல் முதல் பலகட்சித் தேர்தலில் தோற்கடித்து முகமது நஷீத் அதிபரானார். 2012 ஜனவரியில் அவருடைய அரசு குற்றவியல் நீதிமன்றத் தலைமை நீதிபதியை ராணுவத்தை வைத்துக் கைது செய்தது. சட்டப்படி ஆள வந்தவர் செய்யக் கூடாத வேலை அது. அவருடைய ஆதரவாளர்களே அதை நியாயப்படுத்தத் திணறினார்கள். தெருவில் போராட்டம், போலீசில் கலகம். பிப்ரவரி 7 அன்று நஷீத் ராஜினாமா செய்தார். துப்பாக்கி முனையில் எழுதி வாங்கினார்கள் என்பது அவர் தரப்பு. துணை அதிபர் முகமது வஹீத் அதிபரானது சட்டப்படி சரிதான் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் விசாரணை ஆணையம் சொன்னது. பாதி நாடு அதை ஏற்கவில்லை. யார் அதிபர் என்பதை இனி ஓட்டுதான் சொல்ல வேண்டும் என்ற நிலையில் வந்தது 2013 தேர்தல்.

செப்டம்பர் 7 அன்று ஓட்டுப்பதிவு. மொத்த வாக்காளர்கள் 2,39,593 பேர். நம் ஊரில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. அதில் 88 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டார்கள். நஷீத்துக்கு 95,224 ஓட்டு, அதாவது 45.45 சதவீதம். கயூமுக்கு அப்பா வழியில் தம்பியான (தாய் வேறு) அப்துல்லா யாமீனுக்கு 53,099. ரிசார்ட், விமானம் என்று பெரும் தொழில் வைத்திருக்கும் காசிம் இப்ராகிமுக்கு 50,422. பதவியில் இருந்த வஹீத்துக்கு வெறும் 10,750, ஐந்து சதவீதம்.

பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காததால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். அதை 21 நாளுக்குள் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 111-ஆவது பிரிவு சொல்கிறது. செப்டம்பர் 28 என்று தேதியும் குறித்தாயிற்று. இந்தியாவின் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ, தமிழகத்துக்காரரான கோபாலசுவாமி உள்ளிட்டவர்கள் பார்வையாளர்களாகப் போயிருந்தார்கள். காமன்வெல்த் குழுவும் இருந்தது. எல்லோரும் தேர்தல் ஒழுங்காக நடந்தது என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாம் இடம் வந்த காசிம் மட்டும் ஏற்கவில்லை. அவருக்கும் யாமீனுக்கும் இடைவெளி 2,677 ஓட்டு. வாக்காளர் பட்டியலில் செத்தவர்கள் இருக்கிறார்கள், சிறுவர்கள் இருக்கிறார்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கிறார் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசின் தலைமை வழக்கறிஞரும் வழக்கில் சேர்ந்துகொண்டு ரத்து கேட்ட பக்கமே நின்றார். செப்டம்பர் 23 அன்று இரண்டாம் சுற்றுக்கு இடைக்காலத் தடை. ‘21 நாள்’ என்ற அரசியல் சட்டக் கெடு அங்கேயே உடைந்தது. அக்டோபர் 7 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முதல் சுற்றே ரத்தானது. எதிர்த்து எழுதிய மூவரில் ஒருவர் தலைமை நீதிபதி அகமது ஃபாயிஸ்.

தீர்ப்பின் அடித்தளம் ஒரு போலீஸ் அறிக்கை. 5,623 ஓட்டுகள் தகுதியற்றவை என்று அது சொன்னதாகத் தீர்ப்பு சொன்னது. அந்த அறிக்கை ரகசியம். தேர்தலை நடத்திய ஆணையத்தின் வழக்கறிஞருக்கே அதைப் பார்த்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை. சாட்சிகள் சிலர் அடையாளத்தை மறைத்துக்கொண்டு சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் சாட்சியின் முகத்தையும் பார்க்க முடியாது, ஆவணத்தையும் படிக்க முடியாது என்றால் சாதாரணத் திருட்டு வழக்கே நிற்காது. இங்கே இரண்டு லட்சம் பேரின் ஓட்டு போனது.

சரி, அந்த 5,623-க்குள் என்ன இருந்தது? இறந்தவர் பெயரில் ஓட்டு, வயதுக்கு வராதவர் ஓட்டு என்று பெரிதாகப் பேசப்பட்டவை கைவிரல் விட்டு எண்ணுகிற அளவை ஒட்டித்தான் இருந்தன. பெரும்பகுதி முகவரி பொருந்தவில்லை, பெயர் பொருந்தவில்லை, அடையாள அட்டை எண்ணில் பிழை என்ற வகை.

மாலத்தீவில் முகவரி எப்படி எழுதுகிறார்கள் என்பது தெரிந்தால் இதன் அர்த்தம் இன்னும் விளங்கும். தலைநகர் மாலேயில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, பெயர்தான். வார்டின் முதல் எழுத்து, அதன் பின்னால் வீட்டின் பெயர். ஹென்வேரு வார்டு என்றால் ஒரு எழுத்து, மாஃபன்னு என்றால் இன்னொன்று. வீட்டை இடித்துக் கட்டினாலோ பெயரை மாற்றினாலோ அட்டையில் பழைய பெயரே கிடக்கும். தீவுகளில் இருந்து வந்து மாலேயில் வாடகைக்கு இருப்பவர்களின் நிரந்தர முகவரி சொந்தத் தீவில்தான் இருக்கும். மாலேயில் பதிவு உண்டு, சொந்த வீடு இல்லை என்பவர்களை நகராட்சியின் ‘தஃப்தர்’ என்ற தனிப் பதிவேட்டில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முகவரியே ஒரு பதிவு எண்தான். ஆட்களின் பெயர்களோ அகமது, முகமது, இப்ராகிம், ஆயிஷத் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றுபவை. தந்தை பெயரையும் சேர்த்தால்கூட ஒரே பெயரில் பலர் வருவார்கள். இதை மாலத்தீவு மொழியான திவேஹியில் எழுதிய ஒரு பட்டியலில் இருந்து இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டால் ‘பொருந்தவில்லை’ என்பவை ஆயிரக்கணக்கில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முகவரி பொருந்தாதவர் கள்ள ஓட்டுப் போட்டவர் ஆகிவிட மாட்டார். வாக்குச்சாவடியில் அட்டையைக் காட்டி, படத்தைச் சரிபார்த்து, கட்சி ஏஜென்டுகள் முன்னால் நின்று போட்ட ஓட்டு அது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. அதை நீதிமன்றம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் தேர்தல் வழக்கின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நடந்த தவறு முடிவை மாற்றியிருக்குமா? இந்தியாவின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் பல முறைகேடுகளுக்கு இந்த அளவுகோலையே வைக்கிறது. செப்டம்பர் 7 முடிவில் மாறக்கூடிய இடங்கள் எவை? நஷீத்துக்கும் யாமீனுக்கும் இடைவெளி 42,125. அங்கே 5,623 ஒன்றும் செய்யாது. நஷீத் பாதியைத் தாண்ட இன்னும் ஒன்பதாயிரத்துக்கும் மேல் வேண்டும், ஆகவே அங்கேயும் மாற்றம் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டாம் இடம் யாருக்கு என்பது மட்டுமே. இடைவெளி 2,677, சந்தேக ஓட்டு 5,623. மேலோட்டமாகப் பார்த்தால் காசிமின் வழக்குக்கு உயிர் இருக்கிறது.

ஆனால் அந்த 5,623 ஓட்டும் மொத்த ஓட்டைப் போலவே நான்கு பேருக்கும் பிரிந்திருந்தால், அவற்றைக் கழித்தபின் யாமீனுக்கும் காசிமுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 70 ஓட்டுதான் குறையும். முடிவு மாற வேண்டுமானால் யாமீனுக்கு விழுந்த தப்பான ஓட்டு காசிமுக்கு விழுந்ததைவிட 2,677 கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பக்கமாகவே சாய்ந்தது என்று காட்டும் சான்று எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி நடந்திருந்தால் மோசடியால் லாபம் அடைந்தவர் யாமீன். மறுதேர்தலின் கடைசியில் அதிபரானவரும் அவரே.

கென்யாவிலும் மலாவியிலும் நடந்ததை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கென்யாவில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி 14 லட்சம் ஓட்டுக்குப் பக்கம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ரத்து செய்யக் காரணமே இல்லை என்று வாதாடலாம். அங்கே நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தின் கணினி சர்வரைத் திறந்து காட்டச் சொன்னது. ஆணையம் முழுதாகக் காட்டவில்லை. நடைமுறையே நம்ப முடியாதபோது எண்ணிக்கையை மட்டும் எப்படி நம்புவது என்பதுதான் நான்கு நீதிபதிகளின் தர்க்கம். மலாவியில் ஓட்டுக் கணக்குத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். தாள்களே நீதிமன்றத்தில் சான்றாக நின்றன. விசாரணையை வானொலியில் மக்கள் மாதக்கணக்கில் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் மறைத்தது தேர்தலை நடத்திய தரப்பு, திறக்கச் சொன்னது நீதிமன்றம். மாலேயில் ஆணையம் பட்டியலை வெளியிட்டிருந்தது. ரகசியம் காத்தது நீதிமன்றம். அந்த மூன்று தீர்ப்புகளில் மாலத்தீவுத் தீர்ப்பை நான் தனியாக எடுத்து வைப்பதற்கு இதுவே காரணம்.

தீர்ப்போடு சேர்த்து நீதிமன்றம் இன்னொன்றும் கொடுத்தது. மறுதேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று 16 அம்ச வழிகாட்டுதல். பட்டியலை எங்கிருந்து எடுப்பது, ஓட்டுப்பெட்டியை யார் கொண்டுபோவது என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்ய வேண்டியதையெல்லாம் நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு விதி, வாக்காளர் பட்டியலில் எல்லா வேட்பாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றது.

கேட்க நல்ல விதிதான். அதன் பலன் அக்டோபர் 19 விடியலில் தெரிந்தது. மறுநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றமே கெடு வைத்த மறுதேர்தல் அன்று நடக்க வேண்டும். நஷீத் கையெழுத்திட்டுவிட்டார். யாமீனும் காசிமும் போடவில்லை. மறுபதிவுப் படிவங்களில் உள்ள கைரேகைகளைச் சரிபார்த்தபின்தான் போடுவோம் என்றார்கள். கையெழுத்து இல்லை, ஆகவே வழிகாட்டுதல் மீறல் என்று சொல்லிப் போலீஸ் ஓட்டுப்பதிவுப் பொருட்களை வெளியே விடவில்லை. சாவடி திறக்கச் சில மணி நேரம் இருக்கையில் தேர்தல் நின்றது. தோற்கப் போகிற வேட்பாளர் யாராக இருந்தாலும் பேனாவை மூடி வைத்தே தேர்தலை நிறுத்தலாம் என்ற உரிமையை அரசியல் சட்டம் எந்தப் பிரிவிலும் தரவில்லை. நீதிமன்றத்தின் விதி தந்துவிட்டது. அதைச் செயல்படுத்தும் காவலாகப் போலீஸ் வந்து நின்றது. 2012-இல் நஷீத்தின் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த அதே போலீஸ். மாலேயில் இது யாருக்கும் மறக்கவில்லை.

அப்புறம் நவம்பர் 11 வந்தது. அதிபரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. 2008 நவம்பர் 11-இல் தொடங்கியது, அதே நாளில் முடிந்தாக வேண்டும். அதற்குள் புது அதிபர் வராவிட்டால் என்ன என்பதை அரசியல் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. எழுதியவர்கள் இப்படி ஒரு நிலை வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அதிபர், துணை அதிபர் இரண்டு பதவியும் காலியானால் சபாநாயகர் தற்காலிகமாகப் பொறுப்பேற்பார் என்ற விதி மட்டும் இருக்கிறது. அதை ஒட்டி, சபாநாயகர் அப்துல்லா ஷாகித் இடைக்காலப் பொறுப்பு ஏற்கலாம் என்று நாடாளுமன்றமான மஜ்லிஸ் தீர்மானம் நிறைவேற்றியது. இவர்தான் பின்னாளில் ஐ.நா. பொதுச் சபையின் தலைவரானவர்.

நவம்பர் 9 அன்று ஒருவழியாக மறு ஓட்டுப்பதிவு நடந்தது. வஹீத் ஏற்கெனவே விலகிவிட்டார். நஷீத் 46.93 சதவீதம், யாமீன் 29.72, காசிம் 23.34. அதே வரிசை. காசிமுக்கும் யாமீனுக்கும் இடையிலான 2,677 இப்போது 13,147 ஆகியிருந்தது. கெடு முடிய ஒரு நாள் இருப்பதால் மறுநாளே, நவம்பர் 10 அன்றே, இரண்டாம் சுற்று என்று ஆணையம் சொன்னது. யாமீன் தயாரில்லை என்றார். நீதிமன்றம் நவம்பர் 16-க்குத் தள்ளியது. மஜ்லிஸின் தீர்மானம் செல்லாது, வஹீத்தே தொடரலாம் என்றும் சொன்னது. நாடு ஒரு கணம்கூட அரசு இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1955-இல் பாகிஸ்தானின் தலைமை நீதிபதி முனீர் கையில் எடுத்த ‘அவசியக் கோட்பாடு’ இதற்குத் தூரத்து உறவு. அந்தக் கோட்பாட்டுக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு: எந்த அவசியத்தைக் காட்டி விதியை மீறுகிறார்களோ, அந்த அவசியத்தை உண்டாக்கியவர் யார்? மாலேயில் தேதிகளைத் தள்ளிக்கொண்டே வந்தது நீதிமன்றம். தள்ளியதால் வந்த வெற்றிடத்தை நிரப்ப, ஐந்து சதவீத ஓட்டு வாங்கியவரைப் பதவியில் நீட்டியதும் நீதிமன்றம். அந்த வஹீத்தும் நவம்பர் 16 வரைகூடக் காத்திருக்கவில்லை; இரண்டு நாள் முன்பே வெளிநாடு கிளம்பிவிட்டார்.

இரண்டாம் சுற்றில் காசிம் தன் ஆதரவை யாமீனுக்குக் கொடுத்தார். யாமீன் 1,11,203, நஷீத் 1,05,181. வித்தியாசம் 6,022. நஷீத் வழக்குப் போடவில்லை. தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

இங்கே நஷீத்தின் ஆதரவாளர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் தலையிடாமல் செப்டம்பர் 28 அன்றே இரண்டாம் சுற்று நடந்திருந்தாலும் யாமீன் ஜெயித்திருக்கக் கூடும். முதல் சுற்றில் நஷீத்துக்கு எதிராக விழுந்த ஓட்டு 54 சதவீதத்துக்கும் மேல். ‘தேர்தலைத் திருடினார்கள்’ என்ற வாதத்தில் இந்தப் பலவீனம் இருக்கிறது. ஒருவேளை மூன்று வார வேகத்தில் காசிமின் ஓட்டர்கள் சிதறி நஷீத் ஜெயித்திருக்கலாம். பத்து வாரத்தில் எதிரணி கூடிவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டுமே ஊகம். கடைசியில் எண்ணிய ஓட்டு உண்மையானது என்பதில் பெரிய சந்தேகம் யாருக்கும் இல்லை. மக்கள் போட்ட ஓட்டால் அதிபர் வந்தார். ஆனால் எந்த நாளில், எந்தப் பட்டியலில், யார் யார் சம்மதித்தபின் மக்கள் ஓட்டுப் போடலாம் என்பதை அரசியல் சட்டம் முடிவு செய்யவில்லை. யாமீனின் ஆட்சி சட்டப்படியானதா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வேன். அவரை அங்கே கொண்டுவந்த வழி சட்டப்படியானதா என்றால் தயங்குவேன்.

அடுத்து நடந்தவை அந்தத் தயக்கத்தைக் குறைக்கவில்லை. 2014 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில், உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்துத் தேர்தல் ஆணையத் தலைவர் ஃபுவாத் தவ்ஃபீக்கையும் துணைத் தலைவரையும் பதவிநீக்கியது. தன் வழிகாட்டுதலை மதிக்கவில்லை என்பது குற்றம். ஆணையர்களை நீக்கும் அதிகாரம் மஜ்லிஸுக்கு உரியது. தவ்ஃபீக்குக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனையும் விதித்து நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தை ஏழு பேரில் இருந்து ஐந்து பேராகக் குறைத்தார்கள். வெளியே போன இருவர் தலைமை நீதிபதி ஃபாயிஸும் முத்தசிம் அத்னானும். இருவரும் 2013 தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவர்கள்.

ரத்து செய்த நால்வரில் இருவர், அப்துல்லா சயீதும் அலி ஹமீதும், பின்னால் யாமீனுக்கே ஆகாதவர்கள் ஆனார்கள். 2018 பிப்ரவரி 1 அன்று சிறையில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. யாமீன் நெருக்கடி நிலை அறிவித்தார். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த சயீதும் ஹமீதும் கைதானார்கள். அண்ணன் கயூமையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் யாமீன் 41.6 சதவீதம் வாங்கித் தோற்றார். இப்ராகிம் முகமது சோலி ஜெயித்தார். இப்போது வழக்குப் போட யாமீனின் முறை. மை மறைந்துபோகும் பேனாவைக் கொடுத்து ஓட்டுப் போட வைத்தார்கள், ஓட்டுச் சீட்டில் ரசாயனம் தடவியிருந்தார்கள் என்று அவர் தரப்பு வாதிட்டது. அடையாளத்தை மறைத்துச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்றும் கேட்டது. இந்த முறை நீதிமன்றம் மறைவுச் சாட்சிகளை ஏற்கவில்லை. மனு ஐந்து நீதிபதிகளாலும் ஒருமனதாகத் தள்ளுபடியானது.

மாலத்தீவின் அதிபர்கள் குடியரசு நாளான நவம்பர் 11-இல் பதவியேற்பது அதுவரை வழக்கமாக இருந்தது. 2013-இல் யாமீன் 17-ஆம் தேதி பதவியேற்றார். அவருடைய ஐந்து ஆண்டு அன்று தொடங்கியதால் 2018-இல் சோலியும், 2023-இல் முகமது முய்சுவும் பதவியேற்றது நவம்பர் 17 அன்றுதான்.